பசங்க விழுந்தா "சுளுக்குதான்"னு விட்டுடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல விளையாட்டுக்கு ஒரு பக்கம் வருது, உடம்பு நலத்துக்கு ஒரு பக்கம் வருது, ரெண்டையும் விடாம படிக்கிறவன் நான். ஆனா இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஒரு விஷயம் யாரும் எழுதாமலே கிடக்கு, அதுதான் வளர்ற பசங்களுக்கு வர்ற எலும்பு அடியும் தசை அடியும். நான் டாக்டர் இல்ல, பசங்களுக்கு விளையாட்டு சொல்லிக் குடுக்குற வேலையில பல வருஷமா இருக்கேன், அடிபட்ட பசங்களைத் தூக்கிட்டு எலும்பு டாக்டர்கிட்டயும் பிசியோகிட்டயும் போயி நின்னு ஒவ்வொண்ணா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், தயவு செஞ்சு வெட்டாம போடுங்க.

கிரவுண்டுல ஒரு பையன் கால் பிசகி விழுந்தா சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் முதல்ல சொல்றது "சுளுக்குதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்". பெரியவங்களுக்கு அது பெரும்பாலும் சரியா இருக்கலாம். பசங்களுக்கு அப்படி கண்ணை மூடிக்கிட்டு சொல்லவே கூடாது, ஏன்னா அவங்க எலும்பு நம்ம எலும்போட சின்ன சைஸ் இல்ல, அமைப்பே வேற. கை கால்ல இருக்குற நீள எலும்போட முனைக்குப் பக்கத்துல வளர்ச்சித் தட்டுனு ஒரு குருத்தெலும்பு அடுக்கு இருக்கு, டாக்டருங்க குரோத் பிளேட்னு சொல்வாங்க, எலும்பு நீளமாகுறதே அந்த இடத்துலதான். வளர்ற பசங்க எலும்புக்கூட்டுலயே வலு கம்மியான இடமும் அதுதான். மூட்டைப் பிடிச்சு வச்சிருக்கிற ஜவ்வு அதைவிட கெட்டி. அதனால பெரியவங்களுக்கு ஜவ்வு இழுபடுற அதே பிசகல்ல ஒரு பதினோரு வயசுப் பையனுக்கு ஜவ்வு அப்படியே நின்னுக்கும், வளர்ச்சித் தட்டு விட்டுக்கும். வெளியில பாத்தா ரெண்டும் ஒரே வீக்கம், ஒரே வலி.

இந்த வளர்ச்சித் தட்டு உடைசலை கனடாவுல சால்டர், ஹாரிஸ்னு ரெண்டு டாக்டருங்க 1963லயே அஞ்சு வகையா பிரிச்சு எழுதிட்டாங்க, இன்னிக்கும் எலும்பு டாக்டருங்க "சால்டர் ஹாரிஸ் டூ", "த்ரீ"னு பேசிக்கிறதை கேக்கலாம். முதல் வகையில எக்ஸ்ரே பாத்தா ஒண்ணுமே தெரியாம போகலாம், ஏன்னா குருத்தெலும்பு எக்ஸ்ரேல விழாது, வெறும் இடைவெளியாத்தான் தெரியும். அதனால எக்ஸ்ரே நார்மல்னு வந்தும் டாக்டர் கட்டுப் போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு திரும்ப வாங்கன்னு சொன்னா, ஐயோ சும்மா காசு புடுங்குறாருன்னு நினைக்காதீங்க, அவர் தொட்டுப் பாத்து எலும்பு மேலயே வலி இருக்குன்னு கண்டுபிடிச்சிருப்பாரு. அஞ்சாவது வகைதான் மோசம், தட்டு நசுங்கிப் போயிடும், அன்னிக்கு எக்ஸ்ரேல தெரியாது, பல மாசம் கழிச்சு அந்தக் கால் குட்டையாவோ கோணலாவோ வளர ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும். வளர்ச்சித் தட்டுல அடிபட்ட பசங்களை வலி போன பிறகும் ஆறு மாசம் ஒரு வருஷம்னு வரச்சொல்லிப் பாக்குறது இதுக்குத்தான். அம்மா அப்பாக்கள் பாதியிலயே நிறுத்திடறாங்க, பையன்தான் ஓடுறானே அப்புறம் எதுக்குன்னு. ஓடுறது ஒரு கணக்கு, எலும்பு நேரா வளருதாங்கறது வேற கணக்கு.

பொண்ணுங்களுக்கு 13லருந்து 15 வயசுக்குள்ள, பையன்களுக்கு 15லருந்து 17க்குள்ள இந்தத் தட்டெல்லாம் பெரும்பாலும் மூடிடும். அதுவரைக்கும் இந்த ரிஸ்க் இருக்கு. அதுலயும் திடீர்னு கிடுகிடுன்னு உயரம் போடுற ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கே, அப்பதான் எலும்பு உடையறது ஜாஸ்தி, எலும்பு நீளமாகுற வேகத்துக்கு உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி கெட்டிப்படறதில்ல.

கணுக்கால் பிசகின பையனை என்ன பாக்கணும்னா, எழுந்து நாலு எட்டு வைக்க முடியுதான்னு பாருங்க, நொண்டிக்கிட்டாவது. அப்புறம் கணுக்கால்ல ரெண்டு பக்கமும் உருண்டையா துருத்திக்கிட்டு இருக்குற எலும்பு மேலயே, குறிப்பா அதோட பின்பக்க ஓரத்துலயும் நுனியிலயும் ஒரு விரலை வச்சு மெதுவா அழுத்துங்க. நாலு எட்டு வைக்க முடியல, இல்ல எலும்பு மேல அழுத்தினா துள்ளுறான்னா எக்ஸ்ரே எடுக்காம விடாதீங்க. எலும்புக்கு முன்னாடி கீழ மெத்துன்னு இருக்குற இடத்துல மட்டும் வலின்னா ஜவ்வா இருக்க வாய்ப்பு அதிகம். இது என் சொந்த கண்டுபிடிப்பு இல்ல, எமர்ஜென்சி வார்டுல டாக்டருங்க பாக்குற முறையே கிட்டத்தட்ட இதுதான், கிரவுண்டுல நிக்கிற எவர் வேணும்னாலும் கத்துக்கலாம்.

மணிக்கட்டு பத்தி அவ்வளவு பயப்பட வேண்டாம். கையை ஊணி விழுற பசங்களுக்கு அங்க பெரும்பாலும் எலும்பு முழுசா உடையாம ஒரு பக்கம் நசுங்கி லேசா புடைச்சுக்கும், ஒரு ஸ்ப்ளிண்ட் போட்டு மூணு நாலு வாரத்துல ஆறிடும். பச்சைக் குச்சியை வளைச்சா ஒரு பக்கம் மட்டும் நார் நாரா விரிஞ்சு மறுபக்கம் ஒட்டிக்கிட்டே இருக்கும்ல, முன்னங்கை எலும்பு அப்படி முறியறதும் உண்டு, பேரே பச்சைக்குச்சி முறிவுதான். காறை எலும்பு உடைஞ்சாலும் பெரும்பாலும் ஸ்லிங்ல கையைத் தொங்கவிட்டா போதும், ஆறும்போது அந்த இடத்துல ஒரு கட்டி மாதிரி திரளும், அதைப் பாத்து பதறாதீங்க, மாசக்கணக்குல தானா கரைஞ்சிடும். சின்னப் பசங்க எலும்புக்கு கோணலை தானே நேராக்கிக்கிற சக்தி உண்டு, வயசு குறைவா இருந்தா இன்னும் நல்லா நடக்கும்.

ஆனா முழங்கை அப்படி இல்ல. இதை நான் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். அஞ்சு வயசு ஏழு வயசுப் பசங்க ஊஞ்சல்லருந்தோ ஏணிக் கம்பியிலருந்தோ கையை நீட்டி ஊணி விழுந்தா முழங்கைக்குச் சரியா மேல எலும்பு முறியும், பசங்களுக்கு முழங்கையில வர்ற முறிவுலயே அதிகமா வர்றது இதுதான். அந்த இடத்துல எலும்புக்கு முன்னாடி ஒட்டியே கைக்குப் போற பெரிய ரத்தக்குழாயும் நரம்புங்களும் போகுது, முறிஞ்ச முனை அதுல குத்தலாம் இல்ல அமுக்கலாம். இந்த நிலைமையில போயி கையை நேரா இழுத்து விடுறது, எண்ணெய் போட்டு தேய்க்கறது, இறுக்கமா கட்டுறது எல்லாம் எவ்வளவு ஆபத்துன்னு தெரியாமலே செய்யறாங்க. உள்ள வீங்குது, வெளியில கட்டு இறுக்குது, நடுவுல தசைக்கு ரத்தம் போகாம ஒரு சில மணி நேரத்துலயே சாக ஆரம்பிக்கும். விரலெல்லாம் மடங்கி நிமிர்த்தவே முடியாம நிரந்தரமா நின்னு போற அந்த நிலையை 1881லயே ஃபோல்க்மான்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் எழுதி வச்சிருக்காரு, இறுக்கமான கட்டைத்தான் அவரும் காரணமா சொன்னாரு. அவ்வளவு வருஷமா தெரிஞ்ச விஷயத்துக்கு இன்னிக்கு ஒரு குழந்தை கையை இழக்கக் கூடாதுங்க.

அதனால முழங்கை வீங்கிட்டா இழுக்காதீங்க, நிமிர்த்தாதீங்க, கை எப்படி இருக்கோ அப்படியே ஒரு மடிச்ச துணியோ அட்டையோ வச்சு தளர்வா தாங்கிப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. போற வழியில விரலைப் பாத்துக்கிட்டே போங்க, வெளுத்துப் போகுதா, நீலமாகுதா, ஜில்லுன்னு ஆகுதா, மரத்துப் போச்சுன்னு சொல்றானா. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நுனிக்கு நுனி சேத்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்க, போட முடியலன்னா நரம்பு ஒண்ணு வேலை செய்யலன்னு அர்த்தம், அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. பாவம் அழறானேன்னு சாப்பிட எதுவும் குடுக்காதீங்க, தண்ணி ஜூஸும் வேண்டாம், மயக்கம் குடுத்து ஆபரேஷன் செய்யற மாதிரி ஆனா வயிறு காலியா இருக்கணும்.

இதே முழங்கையில இன்னொண்ணு இருக்கு, அது சாது. ஒண்ணுலருந்து நாலு வயசுக்குள்ள இருக்குற குழந்தையை ரெண்டு பெரியவங்க ஆளுக்கொரு கையைப் பிடிச்சு "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு தூக்கி ஆட்டுவாங்க, இல்ல ரோட்டுல ஓடப் போகுதேன்னு கையை வெடுக்குனு இழுப்பாங்க, முழங்கையில ஒரு எலும்புத் தலை அதைச் சுத்தியிருக்கிற ஜவ்வு வளையத்துலருந்து கொஞ்சம் நழுவிடும். வீக்கம் இருக்காது, குழந்தை கையை லேசா மடிச்சு உள்ளங்கை கீழ பாக்குற மாதிரி உடம்போட ஒட்டி வச்சிக்கிட்டு அசைக்கவே அசைக்காது, பொம்மை குடுத்தா அந்தக் கையை விட்டுட்டு மறு கையால வாங்கும். டாக்டர் ஒரு தடவை திருப்பி மடக்கினா போதும், கொஞ்ச நேரத்துல அதே கையால பொம்மையைப் பிடிங்கிடும். தூக்கணும்னா அக்குள்ல கை குடுத்து தூக்குங்க, மணிக்கட்டைப் பிடிச்சு தொங்க விடாதீங்க.

சறுக்குமரத்துல மடியில குழந்தையை வச்சுக்கிட்டு பெரியவங்க சறுக்குறதும் வேண்டாம். பாதுகாப்புன்னு நினைச்சுத்தான் செய்யறாங்க, ஆனா குழந்தையோட கால் ஓரத்துல மாட்டிக்கும், பெரியவர் எடையோட சேந்து கீழ போகும்போது முழங்காலுக்கு கீழ எலும்பு திருகி விண்டுடும். தனியா சறுக்குற குழந்தை கால் மாட்டினா நின்னுடும். நடக்கப் பழகின குழந்தை காரணமே இல்லாம திடீர்னு காலை ஊணாம போனா இதையும் யோசிங்க, எக்ஸ்ரேல பத்து நாள் கழிச்சுத்தான் தெரியும் சில சமயம்.

இப்ப என் மனசை ரொம்ப உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். கொஞ்சம் குண்டா ஒரு பையன், பன்னெண்டு வயசு இருக்கும், வேற ஒரு இடத்துல பயிற்சிக்குப் போய்க்கிட்டு இருந்தவன், முட்டி வலிக்குது முட்டி வலிக்குதுன்னு வாரக்கணக்குல சொல்லிக்கிட்டு இருந்திருக்கான். முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பாத்திருக்காங்க, நார்மல். அங்க இருந்தவங்க "வெயிட்டைக் குறை, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு, எல்லாம் சரியாயிடும்"னு ஓட விட்டிருக்காங்க. அவன் எங்க கிரவுண்டுக்கு வந்தப்ப நடக்கறதைப் பாத்தேன், ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு, அந்தக் கால் பாதம் மட்டும் வெளிப்பக்கமா திரும்பி நின்னுச்சு. உக்கார வச்சு முட்டியை அழுத்திப் பாத்தா வலியே இல்ல, தொடையை மடக்கி நெஞ்சுப் பக்கம் கொண்டு போனா கால் தானா வெளிப்பக்கம் உருண்டு போகுது, அதுக்கு மேல மடங்க மாட்டேங்குது. உடனே நடக்க விடாம தூக்கிட்டுப் போனோம். பிரச்சனை முட்டியில இல்ல, இடுப்பு மூட்டுல. தொடை எலும்போட உருண்டைத் தலை வளர்ச்சித் தட்டுல நழுவிக்கிட்டு இருந்திருக்கு, அன்னிக்கே அட்மிட் பண்ணி ஸ்க்ரூ போட்டு நிறுத்தினாங்க.

இடுப்பு மூட்டு வலி தொடையிலயும் முட்டியிலயும் வந்து தெரியறது பசங்ககிட்ட சகஜம், நரம்பு போற வழி அப்படி. பத்து வயசுலருந்து பதினாறு வயசுக்குள்ள, முக்கியமா எடை அதிகமா இருக்குற பசங்களுக்கு முட்டி வலி, தொடை வலி, நொண்டல் எது வந்தாலும் இடுப்பையும் சேத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்க, ரெண்டு பக்கமும். சில பசங்களுக்கு மறுபக்கமும் நழுவும். நழுவ நழுவ அந்த உருண்டைக்குப் போற ரத்த ஓட்டம் கெட்டு எலும்பே செத்துப் போகலாம், அப்படி ஆயிட்டா சின்ன வயசுலயே மூட்டு தேஞ்சு வாழ்நாள் முழுக்க கஷ்டம். வலிக்குதுன்னு சொல்ற குண்டுப் பையனை சோம்பேறின்னு முத்திரை குத்தி ஓட விடுறது எனக்குத் தாங்கவே முடியாத கோபம் வர்ற விஷயம்.

அடுத்தது அடியே படாம வர்ற வலி. இதுதான் இப்ப ரொம்ப அதிகமா பாக்குறேன். முட்டிக்குக் கொஞ்சம் கீழ முன்பக்கம் ஒரு மேடு இருக்கும், தொடைத் தசையோட நாண் முட்டிச்சில்லைத் தாண்டி வந்து அங்கதான் பிடிச்சிருக்கும். வளர்ற வயசுல அந்த இடம் இன்னும் குருத்தெலும்பா இருக்கறதால குதிச்சு குதிச்சு ஓடி ஓடி நாண் அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், வீங்கி மேடு பெருசாயிடும், முட்டி போட்டா உயிர் போகும். ஆஸ்குட் ஷ்லாட்டர்னு பேரு, 1903ல அந்த ரெண்டு டாக்டருங்களும் தனித்தனியா எழுதினது. இதே கதை குதிகால்ல நடந்தா சீவர், எட்டு வயசுலருந்து பதினாலு வயசுக்குள்ள வரும், குதிகாலை ரெண்டு பக்கமும் கையால அமுக்கினா பையன் காலை இழுத்துக்குவான், காலையில குதிகால் ஊணாம நுனிக்கால்ல நடப்பான். ரெண்டுமே பேரைக் கேட்டா பயமா இருக்கும், ஆனா வளர்ச்சி முடிஞ்சா தானா அடங்கிடும். அதுவரைக்கும் வலி வர்ற அளவுக்கு ஓடுறதைக் குறைக்கணும், விளையாடின பிறகு ஐஸை துணியில சுத்தி பதினஞ்சு இருபது நிமிஷம் வைக்கணும், தொடைத் தசையும் கெண்டைத் தசையும் இறுகாம ஸ்ட்ரெச் பண்ணணும். மேடு மட்டும் பெரியவனான பிறகும் நிக்கலாம், அதனால கெடுதல் இல்ல.

வலியைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு தாங்கு அப்பதான் சாம்பியன் ஆகலாம்னு சொல்ற கோச்சுங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே விளையாட்டை வருஷம் முழுக்க லீவே இல்லாம ஆட வைக்கிறது பசங்க உடம்புக்கு ஆகாது. வேகப்பந்து போடுற பசங்களுக்கு முதுகுத்தண்டுல கீழ எலும்புல நுணுக்கமா விரிசல் விடுது, ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ற பசங்களுக்கு மணிக்கட்டு வளர்ச்சித் தட்டு அடிவாங்குது. பந்து போடும்போது கீழ்முதுகு வலிக்குதுன்னு ஒரு பையன் ரெண்டு மூணு வாரம் சொன்னா பந்தைக் கையிலருந்து வாங்கிட்டு டாக்டர்கிட்ட அனுப்புங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்ற கணக்கு எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கு, வாரத்துக்கு குறைஞ்சது ஒரு நாள் முழு ஓய்வு, வருஷத்துல ரெண்டு மூணு மாசமாவது அந்த விளையாட்டை விட்டு வேற ஏதாவது. இன்னொரு கணக்கும் டாக்டருங்க சொல்வாங்க, பத்து வயசுன்னா வாரத்துக்கு பத்து மணி நேரத்துக்கு மேல பயிற்சி வேண்டாம், அதாவது வயசைத் தாண்டக்கூடாது. பேரண்ட்ஸே வந்து இன்னும் ரெண்டு மணி நேரம் சேத்துக் குடுங்க சார்னு கேக்குறாங்க, அவங்ககிட்ட இதைத்தான் சொல்றேன்.

தசைப் பிடிப்புன்னு சொல்றதுலயும் ஜாக்கிரதை வேணும். பதிமூணு பதினாலு வயசுப் பையன் நூறு மீட்டர் ஓடும்போது தொடை மேல் பக்கமோ புட்டத்துக்கு அடியிலயோ "பட்"டுனு ஒரு சத்தம் கேட்டு அப்படியே நின்னுட்டான்னா அது வெறும் பிடிப்பு இல்லாம இருக்கலாம், தசை கிழியறதுக்குப் பதிலா அது பிடிச்சிருக்கிற இடுப்பு எலும்புத் துண்டையே பேத்துக்கிட்டு வந்திருக்கும். அங்க போயி ஸ்ட்ரெச் பண்ணி விடுறது, அழுத்தி மசாஜ் பண்றது எல்லாம் கூடவே கூடாது. பெரும்பாலும் ஓய்வுலயும் ஊன்றுகோல்லயும் ஆறிடும், ஆனா எக்ஸ்ரே பாத்து முடிவு பண்ணணும்.

ராத்திரி வலிக்குதுன்னு அழற சின்னப் பசங்க பத்தியும் நிறைய பேர் கேக்குறாங்க. ரெண்டு காலும் சாயங்காலமோ ராத்திரியோ வலிக்குது, அமுக்கி விட்டா தூங்கிடுறான், காலையில எழுந்து எப்பவும் போல ஓடுறான், வீக்கம் இல்ல நொண்டல் இல்லன்னா அது வளர்ச்சி வலின்னு சொல்றதா இருக்கலாம், பேர்தான் அப்படி, வளர்ச்சியாலதான் வருதுன்னு யாரும் நிரூபிச்சதில்ல. ஆனா ஒரே கால்ல ஒரே இடத்துல வலி, பகல்லயும் வலி, காலையில எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கு, காய்ச்சல், எடை குறையுது, வெளிறிப் போறான், இதுல ஒண்ணு இருந்தாலும் வளர்ச்சி வலின்னு ஒதுக்காதீங்க, மூட்டுல சீழ் வைக்கிறதுலருந்து ரத்தப் புற்றுநோய் வரைக்கும் எலும்பு வலியாத்தான் முதல்ல தலை காட்டலாம். காய்ச்சலோட மூட்டை அசைக்கவே விடலன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே கிளம்புங்க.

மாவுக்கட்டு போட்டுட்டு வீட்டுக்கு வந்த பிறகு முதல் ரெண்டு நாள் கையோ காலோ நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வையுங்க. அரிக்குதுன்னு பென்சிலையோ ஸ்கேலையோ உள்ள விட்டு சொறிய விடாதீங்க, உள்ள புண்ணாகி வெளியில தெரியாமலே அழுகும். மருந்து குடுத்தும் வலி குறையாம ஏறிக்கிட்டே போகுது, விரலை நீட்டி விட்டா கத்துறான்னா நடுராத்திரியா இருந்தாலும் கட்டை வெட்டி விடணும், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வலிக்கு பாராசிட்டமால் எடைக்குத் தகுந்த அளவுல குடுக்கலாம், ஆஸ்பிரின் மட்டும் டாக்டர் சொல்லாம பசங்களுக்கு குடுக்கவே குடுக்காதீங்க.

ஐயா, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். பசங்க ஜெயிச்ச போட்டோவும் கப்பும் போடுற அதே விளையாட்டுப் பக்கத்துல மாசத்துக்கு ஒரு தடவை ஒரு எலும்பு டாக்டரையோ பிசியோவையோ எழுதச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்க, ஒரு தடவை முழங்கை, ஒரு தடவை இடுப்பு, ஒரு தடவை குதிகால்னு. கோச்சுங்க மெடிக்கல் பக்கம் படிக்கிறதில்ல, விளையாட்டுப் பக்கம் கண்டிப்பா படிப்பாங்க, அதனாலதான் அங்க கேக்குறேன். முதல் கட்டம் அந்த முட்டி வலி, இடுப்பு மூட்டு விஷயமாவே இருந்தா ரொம்ப சந்தோஷப்படுவேன், இப்பவும் எங்கேயோ ஒரு பையன் நொண்டிக்கிட்டே ரவுண்டு ஓடிக்கிட்டு இருப்பான்.

இப்படிக்கு,
பசங்களுக்கு விளையாட்டு சொல்லிக் குடுக்குற ஒரு வாசகர்